1908 சிட்னி ரக்பி லீக்: முதல் சீசனின் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: சிட்னியில் 1908இல் நடந்த முதல் ரக்பி லீக் கிளப் தொடர் எப்படி நடந்தது? ரக்பி யூனியனை (பழைய 15 பேர் ரக்பியை, அதை நடத்திய அமைப்பை) உடைத்துக்கொண்டு வந்த பெரிய புரட்சி என்கிறார்கள், ஆனால் இறுதிப்போட்டியைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 4,000 பேர்தானாமே, ஏன்?

சுருக்கமான பதில்: அந்த வருடம் கிளப் தொடர் ஒரு துணை ஏற்பாடாகத்தான் ஓடியது. கூட்டமும் காசும் நியூசிலாந்து, குயின்ஸ்லாந்து போன்ற அணிகளுக்கு எதிரான பிரதிநிதி ஆட்டங்களில் இருந்தன. இறுதிப்போட்டி நடக்கும்போது நகரத்தின் நட்சத்திரங்கள் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தார்கள். இதை மனதில் வைக்காமல் 1908 புள்ளிப்பட்டியலைப் பார்த்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். இனி விரிவாக.

முதலில் பின்னணி. 1907 ஜூலை 13 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நியூ சவுத் வேல்ஸ் அணி நியூசிலாந்துடன் ரக்பி யூனியன் ஆடியது. 52,000 பேர் வந்தார்கள். அந்த வசூல் முழுக்க யூனியனுக்கு. ஆடியவர்கள் பெரும்பாலும் கப்பல் பட்டறை, ரயில்வே பணிமனை, துறைமுகக் கூலி வேலை என்று அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். கை உடைந்தால் வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது. யூனியனோ, பணம் வாங்காமல்தான் ஆட வேண்டும் என்ற அமெச்சூர் விதியைக் காட்டி இழப்பீடு தர மறுத்தது. இதற்கு உதாரணமாக அடிக்கடி சொல்லப்படும் பெயர் க்ளீப் அணியின் அலெக் பர்டன். இதே சண்டை இங்கிலாந்தில் 12 வருடம் முன்பே நடந்து முடிந்திருந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்கள் நார்தர்ன் யூனியன் என்று தனியே பிரிந்தன. பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது இதுதான். வேலைக்குப் போகாமல் ஆட வருகிறவருக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்பதுதான் அவர்களுடைய முதல் ஏற்பாடு.

சிட்னியில் அதைச் செய்தவர்கள் 1907 ஆகஸ்ட் 8 அன்று ஜார்ஜ் தெருவில் பேட்மன்ஸ் கிரிஸ்டல் ஹோட்டலில் கூடினார்கள். தலைவர் ஹென்றி ஹாய்ல், தொழிற்சங்கப் பின்னணி கொண்ட அரசியல்வாதி. செயலாளர் ஜேம்ஸ் கில்டினன், வியாபாரி. பொருளாளர் பெயரைக் கேட்டால் கிரிக்கெட் பிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: விக்டர் ட்ரம்பர். ஆம், ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் அதே ட்ரம்பர்தான். அவருடைய விளையாட்டுப் பொருள் கடையில்தான் இதற்கான பேச்சுகள் நடந்தன. 1908 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான சிட்னி டெஸ்டில் அவர் 166 ரன் எடுத்தபோது, மறுபக்கம் இந்தப் புதிய லீக்கின் கிளப்கள் ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்தன.

அந்த ஆகஸ்டிலேயே ஆல்பர்ட் பாஸ்கர்வில் திரட்டிய நியூசிலாந்து அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் சிட்னியில் மூன்று ஆட்டம் ஆடியது. பணம் வாங்கி ஆடுகிறவர்கள் என்று கிண்டல் செய்து பத்திரிகைகள் அவர்களுக்கு 'ஆல் கோல்ட்ஸ்' என்று பெயர் வைத்தன. அந்த மூன்று ஆட்டங்களும் பழைய யூனியன் விதிப்படியே நடந்தன, காரணம் எளிது: நார்தர்ன் யூனியனின் விதிப்புத்தகம் கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே 1907 ஆகஸ்டை ஆஸ்திரேலியாவின் முதல் ரக்பி லீக் ஆட்டங்கள் என்று எழுதுவது கலகத்தின் தேதியாகச் சரி, விளையாட்டின் தேதியாகத் தவறு. அந்த மூன்று ஆட்டத்தில் கலகக்காரர்கள் பக்கம் வந்து நின்ற டாலி மெசெஞ்சர்தான் எல்லாவற்றையும் மாற்றினார். நகரத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் அவர். நியூசிலாந்துக்காரர்கள் அவரையும் இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கிளப்கள் எப்படி உருவாயின? 1908 ஜனவரி தொடங்கி பேட்டை பேட்டையாக டவுன் ஹாலில் பொதுக்கூட்டம். ஜனவரி 9 க்ளீப், அதே மாதத்தில் நியூடவுன், 17 அன்று ரெட்ஃபெர்னில் சவுத் சிட்னி, 23 பால்மெயின், 24 அன்று பேடிங்டனில் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ். பிப்ரவரி தொடக்கத்தில் ஆஷ்ஃபீல்டில் வெஸ்டர்ன் சபர்ப்ஸ், பிறகு நார்த் சிட்னி. கடைசியில், சீசன் தொடங்கும் நேரத்தில் அவசரமாக கம்பர்லாந்தும் நியூகாசிலும். மொத்தம் ஒன்பது.

இந்தப் பேட்டை அடிப்படை புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. சிட்னி ரக்பி யூனியன் 1900இலேயே மாவட்டக் கிளப் முறைக்கு வந்துவிட்டது. நீ எங்கே குடியிருக்கிறாயோ அந்தப் பேட்டைக்குத்தான் ஆட வேண்டும். லீக் அந்த வரைபடத்தையே அப்படியே எடுத்துக்கொண்டது. பெரும்பாலான கிளப்கள் நிறத்தைக்கூட அந்தப் பேட்டையின் யூனியன் அணியிடமிருந்தே எடுத்தன. சவுத்ஸுக்கு (சவுத் சிட்னி) சிவப்பும் பச்சையும், பால்மெயினுக்குக் கறுப்பும் தங்கமும், க்ளீப்புக்கு மெரூன், நார்த்ஸுக்குச் சிவப்பும் கறுப்பும். இது பெரிய தந்திரம் என்றே சொல்ல வேண்டும். ரசிகனுக்கு விசுவாசத்தை மாற்ற வேண்டிய தேவை இல்லை. அதே தெரு, அதே நிறம், விதி மட்டும் வேறு. குடியிருப்பு விதி அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு நீடித்தது.

இதில் இரண்டு கிளப்களுக்கு ஆரம்பத்திலேயே கோளாறு. கம்பர்லாந்து என்பது பாரமட்டா சுற்றுவட்டாரம். பரப்பளவு பெரிது, ஆள் குறைவு, கிளப் தொடங்கியதும் தாமதம். அதற்குள் பக்கத்து வெஸ்டர்ன் சபர்ப்ஸ் ஆள் பிடித்து முடித்துவிட்டது. முழு சீசனில் ஒரே ஒரு வெற்றி, அந்த ஒரு வருடத்தோடு கிளப்பே மறைந்தது. நியூகாசில் கதை வேறு. நிலக்கரி நகரம், ஆட்டக்காரர்கள் முரட்டுத் திறமைசாலிகள், ஆனால் சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். ஒவ்வொரு பயணமும் ரயில் செலவு, சனிக்கிழமை அரைநாள் கூலி நஷ்டம். இழந்த கூலிக்காகத்தானே இந்த லீக்கே பிறந்தது! இரண்டு சீசன் தாக்குப்பிடித்துவிட்டு, 1910இலிருந்து தங்கள் ஊரிலேயே தனித் தொடர் நடத்தப் போய்விட்டார்கள்.

அடுத்து விதிகள். இங்கேதான் பழைய ஸ்கோரைப் படிக்கிறவர்கள் வழுக்கி விழுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1908இல் சிட்னி ஆடியது 1906இல் திருத்தப்பட்ட நார்தர்ன் யூனியன் விதி. யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர், இங்கே 13. முன்னால் மோதுகிறவர்களில் இரண்டு பேரைக் குறைத்து ஆறு ஃபார்வர்டு (முன்னால் மோதுகிறவர்கள்), ஏழு பேக் (பின்னால் நின்று ஓடுகிறவர்கள்) என்று வைத்தார்கள். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் எறிந்து பிடிக்கும் லைன்-அவுட் கிடையாது, ஸ்க்ரம்தான் (இரண்டு அணியின் ஃபார்வர்டுகளும் தோளோடு தோள் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது). நேராக வெளியே உதைத்துத் தப்பிக்கவும் முடியாது. பந்து தரையில் படாமல் வெளியே போனால் உதைத்த இடத்துக்கே ஆட்டம் திரும்பும். பிடிபட்டு விழுந்தவர் எழுந்து நின்று, பந்தைத் தன் காலுக்கு முன்னால் போட்டு, காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். எதிரே நிற்பவரும் அந்தப் பந்துக்குக் காலைப் போடலாம். இன்று டிவியில் பார்ப்பது போல அது சடங்காக முடியாது. ஒவ்வொரு முறையும் சின்னச் சண்டை.

ஆறு டேக்கிளுக்குப் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) பிறகு பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அன்று இல்லை. வரம்பே கிடையாது. சிட்னியில் நான்கு டேக்கிள் வரம்பு வந்ததே 1967இல், ஆறு ஆனது 1971இல். ஆக, முன்னால் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டலாம். மாற்று ஆட்டக்காரர் இல்லை. ஒருவர் காலை உடைத்துக்கொண்டு வெளியேறினால் 12 பேர்தான். சில ஸ்கோர்கள் இரண்டாம் பாதியில் திடீரென்று வீங்குவதைப் பார்த்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: யாராவது வெளியேறினார்களா?

புள்ளிக் கணக்கு: ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) 3, எந்த வகை கோலும் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 2. ட்ரைக்குப் பிந்தைய உதை, தண்ட உதை, ஓட்டத்தில் தரையில் தட்டி அடிக்கும் ட்ராப் கோல், எல்லாம் 2. இன்றைய ரக்பி லீக்கில் ட்ரை 4, சாதாரண ட்ராப் கோல் 1. அன்று ஒரு ட்ராப் கோலுக்கும் ஒரு ட்ரைக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அதனால் கோலுக்கு 30, 35 கெஜத்தில் பந்து கிடைத்தால் கால் வித்தைக்காரர்கள் ஓட யோசிப்பார்கள், அடித்துவிடுவார்கள்.

இதை வைத்துப் பழைய ஸ்கோரைப் பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. கோல் இரண்டு இரண்டாகத்தான் ஏறும். ஒற்றைப்படையை உண்டாக்கக்கூடியது ட்ரை மட்டுமே. ஆகவே ஸ்கோர் ஒற்றைப்படை என்றால் ட்ரை எண்ணிக்கையும் ஒற்றைப்படை, இரட்டை என்றால் இரட்டை அல்லது பூஜ்யம். 5 என்றால் ஒரு ட்ரை, ஒரு கோல். வேறு வழியே இல்லை. 7 என்றால் ஒரு ட்ரை, இரண்டு கோல். இதற்கும் மாற்று இல்லை. 8 என்றால் இரண்டு ட்ரை ஒரு கோல், அல்லது நான்கும் கோல். 11 என்றால் மூன்று ட்ரை ஒரு கோல், அல்லது ஒரு ட்ரை நான்கு கோல். பத்திரிகைச் செய்தியில் அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்க்க இது கைகண்ட மருந்து. 'ஸ்கோர் 10, ஒரு ட்ரை' என்று எழுதியிருந்தால் ஏதோ ஒன்று தவறு. ஆனால் இதை 1907 ஆகஸ்ட் ஆட்டங்களுக்குப் போடாதீர்கள். அவை யூனியன் விதி. அங்கே அப்போது ட்ராப் கோல் 4, தண்ட கோல் 3.

முதல் நாள் 1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள், விடுமுறை. இரண்டு மைதானம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டம். க்ளீப்பில் சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கிய வென்ட்வொர்த் பார்க்கில் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் நியூடவுனை 32–16 என்றும், க்ளீப் நியூகாசிலை 8–5 என்றும் வென்றன. பால்மெயின் பக்கம் கடலோரத்து பர்ச்க்ரோவ் ஓவலில் சவுத் சிட்னி 11, நார்த் சிட்னி 7. பால்மெயின் 24, வெஸ்டர்ன் சபர்ப்ஸ் 0. அணிகள் ஒன்பது என்பதால் ஒருவர் எப்போதும் ஓய்வில் இருக்க வேண்டும்; அன்று கம்பர்லாந்து. நார்த் சிட்னி ஆட்கள் வளைகுடாவின் அக்கரைக்காரர்கள். துறைமுகப் பாலம் 1932இல்தான் திறந்தது. அதுவரை இக்கரைக்கு வர ஃபெர்ரி தான்.

லீக்கின் முதன்மை மைதானம் மூர் பார்க்கில் உள்ள ராயல் வேளாண் சங்க மைதானம். முதல் நாள் ஏன் அங்கே நடக்கவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சி ஈஸ்டரை ஒட்டி அதே மைதானத்தில்தான் நடக்கும். மாடும் குதிரையும் நிற்கும் வாரத்தில் ரக்பிக்கு எங்கே இடம்? பக்கத்திலேயே சிட்னி கிரிக்கெட் மைதானம், ஆனால் அது யூனியனின் பிடியில். லீக்குக்கு அங்கே கதவு திறந்தது 1911இல்.

32–16 என்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் ஈஸ்ட்ஸின் (ஈஸ்டர்ன் சபர்ப்ஸ்) ஜானோ ஸ்டன்ட்ஸ் மட்டும் நான்கு ட்ரை, அதாவது 12 புள்ளி. ஒரே ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 48 புள்ளி என்பது அந்தக் கால யூனியன் ரசிகனுக்கு வினோதமான எண். ஆனால் அதே நாளில் 8–5, 11–7 என்ற இறுக்கமான ஸ்கோர்களும் உண்டு. காரணம் இதுதான்: மைதானத்தில் இருந்தவர்களில் மிகப் பலருக்கு இது புது விளையாட்டு. இங்கிலாந்துக்குப் போன அணி நார்தர்ன் யூனியன் விதியைப் பழகியிருந்தது. சிட்னிக்காரர்கள் புத்தகத்தையும் பயிற்சி ஆட்டத்தையும் வைத்துக் கற்றார்கள். 15 பேர் நின்ற இடத்தில் 13 பேர் நிற்கும்போது உண்டாகும் இடைவெளியை முதலில் புரிந்துகொண்ட அணி ஓடியது, புரியாத அணி பழக்கதோஷத்தில் குவிந்து நின்று அடிவாங்கியது.

இனி நாள்காட்டி. என் பார்வையில் இந்த சீசனின் உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது. ஒன்பது அணிகளும் ஒவ்வொன்றும் மற்ற எட்டுடன் ஒரு முறை மோத 36 ஆட்டம் வேண்டும். சுற்றுக்கு நான்கு என்றால் குறைந்தது ஒன்பது சுற்று. அதன் மேல் அரையிறுதி, இறுதி. ஏப்ரல் 20க்குப் பிறகு இறுதிப்போட்டி நாளான ஆகஸ்ட் 29 வரை, அதையும் சேர்த்து, 19 சனிக்கிழமைகள். எண்ணிப் பார்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளை வேறு யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். மே 9: இங்கிலாந்திலிருந்து திரும்பிய நியூசிலாந்துடன் ஆஸ்திரேலியாவின் முதல் டெஸ்ட் (ரக்பியில் இரண்டு நாடுகள் மோதும் ஆட்டம்), சிட்னியில், நியூசிலாந்து 11–10. மே 30: பிரிஸ்பேனில் இரண்டாவது டெஸ்ட், நியூசிலாந்து 24–12. ஜூன் 6: மறுபடி சிட்னி, ஆஸ்திரேலியா 14–9. ஜூலை 11: குயின்ஸ்லாந்துடன் முதல் மாநில ஆட்டம், நியூ சவுத் வேல்ஸ் 43–0. இடையில் நியூசிலாந்திலிருந்து மாவோரி அணியும் வந்து போனது. இவற்றில்தான் ஆயிரக்கணக்கில் கூட்டம், டிக்கெட் காசு.

(அந்த மே மாதத்திலேயே ஒரு துயரம். சுற்றுப்பயணத்தையே உருவாக்கிய பாஸ்கர்வில் நிமோனியா வந்து மே 20 அன்று பிரிஸ்பேனில் இறந்தார். வயது 25.)

ஒரு கிளப்புக்கு இதனால் என்ன ஆகும்? நல்ல ஆட்டக்காரர் உள்ள கிளப்பிலிருந்துதான் மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் ஆள் போகும். ஒருவர் பிரிஸ்பேனுக்குப் போனால் ரயிலில் போகவர, ஆட, உடம்பு தேற என்று அவர் கிளப்புக்கு இல்லாமல் போவார். பணக்கார அணிக்கு உள்ள அதே சாபம்: மெசெஞ்சரை வைத்திருந்த ஈஸ்ட்ஸுக்கு அவர் கிளப் சீருடையில் கிடைத்த நாட்கள் குறைவு. ஆகவே நடு சீசனில் ஒரு பெரிய அணி எதிர்பாராமல் தடுமாறினால் பலவீனம் என்று உடனே எழுதிவிடக் கூடாது. அந்த வாரம் பிரதிநிதி ஆட்டம் எது என்று தேதியைப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் சவுத் சிட்னி பட்டியலில் முதலிடம். ஈஸ்ட்ஸ், க்ளீப், நார்த் சிட்னி அடுத்தடுத்து. இந்த நான்கும் அரையிறுதிக்கு, அதில் ஜெயித்து சவுத்ஸும் ஈஸ்ட்ஸும் இறுதிக்கு.

அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. கில்டினன் தன் பொறுப்பில் ஆஸ்திரேலிய அணி ஒன்றை, பின்னாளில் முதல் கங்காருக்கள் என்று பெயர் பெற்ற அணியை, இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். ஆகஸ்ட் 15 அன்று மாசிடோனியா கப்பலில் பயணம். ஈஸ்ட்ஸிலிருந்து மெசெஞ்சர், சாண்டி பியர்ஸ், டான் ஃப்ராலி. சவுத்ஸிலிருந்து பில்லி கேன். இப்படி இறுதிப்போட்டிக்கு வந்த இரண்டு அணிகளுமே ஆள் இழந்தன. ஈஸ்ட்ஸுக்கு அடி பலம்.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, வேளாண் சங்க மைதானம். நார்தர்ன் யூனியன் பிறந்து சரியாக 13 வருடம் நிறைந்த நாள் என்பது தற்செயல், யாரும் திட்டமிட்டது இல்லை. சவுத் சிட்னி 14, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 12. இரண்டு புள்ளி, அதாவது ஒரு கோல் உதையின் இடைவெளி. மேலே சொன்ன ஒற்றை இரட்டைக் கணக்கைப் போட்டால் இரண்டு அணியின் ட்ரை எண்ணிக்கையும் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும் என்பது ஸ்கோரிலிருந்தே தெரியும். ராயல் வேளாண் சங்கம் கொடுத்த கேடயம் சவுத்ஸுக்குப் போனது.

4,000 பேர் ஏன் என்பதற்கு இப்போது பதில் தானாகக் கிடைக்கும். மே, ஜூன் மாதங்களில் டெஸ்ட் பார்த்த நகரம், மெசெஞ்சர் இல்லாத இறுதிப்போட்டிக்குக் காசு கொடுக்கத் தயங்கியது. இதை லீக்கின் தோல்வி என்று யூனியன் ஆதரவாளர்கள் சொன்னால் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: யூனியனும் அதே ஆகஸ்டில் தன் முதல்தர அணியை, வாலபிகளை, பிரிட்டனுக்குக் கப்பலேற்றியது. அவர்கள் அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக்கில் கார்ன்வாலை 32–3 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கினார்கள். நல்ல ஆட்டக்காரர்களை அந்தக் குளிர்கால இறுதியில் இரண்டு தரப்பும்தான் இழந்திருந்தது.

பயணத்தின் கணக்கு கசப்பானது. கங்காருக்கள் டிசம்பர் 12 அன்று லண்டனில் முதல் டெஸ்டை 22–22 என்று சமன் செய்தார்கள், தொடரை இழந்தார்கள், வசூலில் நஷ்டம். கில்டினன் கடனாளியாகி திவாலானார். 1909 தொடக்கத்தில் உள்ளூரில் லீக்கின் பணக்கணக்கைப் பற்றிப் புகைச்சல் கிளம்பி, ஹாய்ல், கில்டினன், ட்ரம்பர் மூவருமே பதவியிழந்தார்கள். தொடங்கி வைத்தவர்கள் இரண்டாவது சீசன் ஆரம்பிக்கும் முன்பே வெளியே. இன்றைக்கு லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்குக் கொடுக்கும் கேடயத்துக்குக் கில்டினன் பெயர். காலம் கடந்து வந்த மரியாதை.

லீக் உண்மையில் நிலைபெற்றது 1909 செப்டம்பரில், அதுவும் ஒரு பேரத்தால். ஜேம்ஸ் ஜாய்ன்டன் ஸ்மித் என்ற ஹோட்டல் முதலாளி பணம் போட, ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வாலபிகளில் பலர், தலைவர் கிறிஸ் மெக்கிவாட் உட்பட, லீக்குக்குத் தாவினார்கள். கங்காருக்களுக்கும் வாலபிகளுக்கும் நான்கு ஆட்டம். இதற்குக் கிளப் தொடர் கொடுத்த விலையைப் பாருங்கள்: 1909 இறுதிப்போட்டி சவுத்ஸுக்கும் பால்மெயினுக்கும். அதை செப்டம்பர் 18 அன்று கங்காரு–வாலபி ஆட்டத்துக்கு முன்னோட்ட ஆட்டமாக வைத்தார்கள். நகரத்தின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஊறுகாயா என்று பால்மெயின் கொதித்து, ஆட மறுத்து, மைதான வாசலில் நின்று உள்ளே போகாதீர்கள் என்று கூட்டத்தைத் தடுத்தார்கள். சவுத்ஸ் மட்டும் உள்ளே வந்து, பந்தை உதைத்து, தாங்களே எடுத்துப்போய் ட்ரை வைத்தார்கள். கோப்பை அவர்களுக்கே. இரண்டு அணியும் வராமல் இருக்க ஒப்பந்தம் செய்துகொண்டதாகவும் சவுத்ஸ் அதை மீறியதாகவும் பால்மெயின்காரர்கள் வெகுகாலம் குமுறினார்கள். நியாயம் யார் பக்கம் என்பது வேறு விவாதம். 1908இல் கிளப் தொடருக்கு இருந்த துணை அந்தஸ்து மறு வருடமும் மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேடயத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: தொடர்ந்து மூன்று முறை வெல்கிறவர்களுக்குச் சொந்தம். 1911, 12, 13 என்று மூன்றையும் ஈஸ்ட்ஸ் வென்று, கேடயத்தை மெசெஞ்சரிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பதில் இன்று யார் மிச்சம் என்பதையும் கேட்பார்கள். க்ளீப் 1929க்குப் பிறகு இல்லை. நியூடவுன் 1983இல் முதல்தரத்திலிருந்து வெளியேறியது. பால்மெயினும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் சேர்ந்து 2000இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ். நார்த் சிட்னி 1999க்குப் பிறகு தனியாக முதல்தரத்தில் ஆடவில்லை. தனித்து நிற்பவை இரண்டே: சவுத் சிட்னியும், இன்று சிட்னி ரூஸ்டர்ஸ் எனப்படும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸும். 1908 இறுதிப்போட்டியில் மோதிய அதே இரண்டு. 1988இல் வந்த நியூகாசில் நைட்ஸ் வேறு கிளப். 1908 நியூகாசிலின் ஸ்கோரை அதன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேலும் தோண்ட விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்தக் காலப் பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தி சிட்னி மார்னிங் ஹெரால்ட் அன்றாடச் செய்திக்கு, தி ரெஃபரீ விளையாட்டு விவரத்துக்கு. 'ரக்பி லீக்' என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். 'நார்தர்ன் யூனியன்', வெறும் 'லீக்' என்றும் தேட வேண்டும். இங்கிலாந்து அமைப்பே தன் பெயரை ரக்பி ஃபுட்பால் லீக் என்று மாற்றிக்கொண்டது 1922இல்தான். வெறும் 'ரக்பி' அல்லது 'ஃபுட்பால்' என்ற தலைப்பின் கீழ் யூனியன், லீக் இரண்டும் அடுத்தடுத்து வரும். கிளப் பெயரும் நிறமும் இரண்டிலும் ஒன்றே என்பதால் கலந்துவிடும். சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர் பட்டியலை எண்ணுங்கள். 13 பெயர் இருந்தால் லீக், 15 இருந்தால் யூனியன். சனிக்கிழமை ஆட்டத்தின் செய்தி திங்கள் இதழில் இருக்கும். முதல் சுற்று மட்டும் திங்களன்று நடந்ததால் அதைத் தேட வேண்டியது 1908 ஏப்ரல் 21, செவ்வாய் இதழில்.